மேடம் இறங்கி வராத விருந்து

அந்த வருடம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கான்வென்ட் போர்டிங்கில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான். மற்ற பிள்ளைகளை அப்பாவோ மாமாவோ வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுடைய மெத்தைகளையெல்லாம் சுருட்டிக் கட்டில் தலைமாட்டில் வைத்திருந்ததால், நாங்கள் தூங்கும் அந்த நீள அறை ஆளில்லாத ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா, ஃபெரி ஏறிப் போனால் வரும் அக்கரையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். அம்மாவுக்கு இருமல் நிற்கவேயில்லை. ஊருக்குப் போனால் தேறிவிடும் என்று தோட்டத்து டாக்டர் சொன்னதால், அப்பா அம்மாவை நாகப்பட்டினத்துக் கப்பலில் அழைத்துக்கொண்டு போயிருந்தார். என்னையும் கூட்டிப்போனால் படிப்பு கெட்டுவிடும் என்றார்கள்.

இன்னொருத்தி என்னைவிடச் சின்னவள். தைப்பிங்கில் ரயில்வேயில் இருந்த அவள் அப்பா இறந்துபோய், அம்மா ஒரு துரை வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்தார். கிறிஸ்துமஸுக்கு அந்தத் துரை வீட்டார் மலைக்குப் போனதால் ஆயாவும் கூடவே போகவேண்டியிருந்தது. இதை அவள் அழாமல் சொல்வாள். ஏதோ பள்ளிக்கூடப் பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி.

பண்டிகைக்கு முதல் நாள் மதர் எங்களைக் கூப்பிட்டார். கடற்கரை ஓரம் இருக்கும் பெரிய ஹோட்டலில் வயதான ஓர் ஆங்கிலேய அம்மாள் பல வருடமாகத் தங்கியிருந்தார். புருஷன் இறந்த பிறகும் சீமைக்குத் திரும்பிப் போகாதவர். விடுமுறையில் போக இடமில்லாத பிள்ளைகள் யாராவது இருந்தால் தன்னோடு மத்தியானம் சாப்பிட வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாராம்.

மறுநாள் கோயிலில் பூசை முடிந்ததும், கான்வென்ட் ஆயா எங்கள் தலையை எண்ணெய் தடவி இழுத்துப் பின்னி, சப்பாத்துகளுக்கு வெள்ளைச் சுண்ணம் பூசி, ரிக்‌ஷாவில் ஏற்றினாள்.

"கைய வச்சித் தின்னாதீங்க. மேம் கேட்டா மட்டும் பேசுங்க. சின்னவளே, ஒனக்குத்தான் சொல்றேன்லா."

ஹோட்டல் வாசலோடு ஆயாவை நிறுத்திவிட்டார்கள். அவள் எதிரே மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் கைகோத்தபடி படியேறினோம். உள்ளே ஒரு வெள்ளைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்து, பின்பக்கத்து வழியைக் கைகாட்டினார். நான் மதர் சொல்லிக்கொடுத்தபடி அந்த அம்மாளின் பெயரைச் சொன்னேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு, சாப்பாட்டு ஹாலின் ஓரத்தில் தூணுக்குப் பக்கத்திலிருந்த ஒரு மேசைக்கு எங்களை அழைத்துப் போனார். மூன்று பேருக்குத் தட்டு வைத்திருந்தது.

"மேடத்துக்கு உடம்பு சரியில்லை. நீங்கள் சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஹாலில் வேறு பிள்ளைகளே இல்லை. எல்லோரும் கிழவர்கள், கிழவிகள். வழுக்கைத் தலைகள், முத்துமாலைகள், கைத்தடிகள். பலர் தலையில் கலர்க் காகிதக் கிரீடம் வைத்திருந்தார்கள். ஆனால் யார் முகத்திலும் விளையாட்டு இல்லை. பக்கத்து மேசையில் ஒரு அம்மாள் கண்ணாடியைப் போட்டு எங்களைப் பார்த்து, "யார் வீட்டுப் பிள்ளைகள்?" என்று கூட இருந்தவரைக் கேட்டார். அவர் தோளைக் குலுக்கினார். அதன் பிறகு யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அது நிம்மதியாகவும் இருந்தது; என்னவோ போலவும் இருந்தது.

வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஹைனானியச் சீனப் பணியாள் சூப் கொண்டுவந்து வைத்தார். எந்தக் கரண்டியை எடுப்பதென்று தெரியாமல் நாங்கள் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"மாக்கான், நோனா, மாக்கான்" என்று மலாயில் அவர் மெதுவாகச் சொன்னார். சாப்பிடுங்கள் என்று அர்த்தம். பெரிய கரண்டியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, மூன்றாவது தட்டை எடுத்துக்கொண்டு போனார். நாற்காலி மட்டும் அப்படியே இருந்தது.

சூப்புக்குப் பிறகு மீன். மீனுக்குப் பிறகு வான்கோழி. நான் பாதியில் நிறுத்திவிட்டேன். சின்னவள் மட்டும் ஒன்றுவிடாமல் சாப்பிட்டாள்.

"அக்கா, எங்கம்மாவும் இப்ப இந்த மாதிரி ஹோட்டல்லதான் இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

"அவங்களுக்கும் கோழி குடுப்பாங்களா?"

வாசலுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆயாவை நினைத்தேன். "தெரியல. நீ சாப்பிடு" என்றேன்.

திடீரென்று ஜன்னல்களை மூடி ஹாலை இருட்டாக்கினார்கள். நீல நெருப்பு எரிய ஒரு கறுப்புப் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு பணியாட்கள் வரிசையாக வந்தார்கள். கிழவர்கள் கைதட்டினார்கள். சின்னவள் பயந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அது புட்டிங், அதன்மேல் பிராந்தி ஊற்றிக் கொளுத்துவார்கள் என்பதெல்லாம் பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரியும். அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, என்னை யாராவது இப்படிப் பிடித்துக்கொண்டால் தேவலை என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சாப்பாடு முடிந்ததும், மேடம் எங்களைப் பார்க்க விரும்புகிறார் என்று சொல்லி மாடிக்குக் கூட்டிப் போனார்கள். திரைகளை இழுத்துவிட்ட அறையில் அவர் நீண்ட பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார். கால்மேல் கம்பளி. மிகவும் மெலிந்த மனுஷி. அறையில் யூடிகொலோன் வாசனை. பக்கத்தில் ஒரு கோப்பைக் கஞ்சி ஆடை படிந்து கிடந்தது.

"வாருங்கள். என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள்" என்றார்.

"எல்லாம் சாப்பிட்டோம், மேடம். நன்றி, மேடம்" என்று நான் மனப்பாடம் பண்ணியிருந்ததைச் சொன்னேன்.

அவர் முகம் வாடியது. அப்போது சின்னவள் முன்னால் போய், அவளுக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தாள். சூப்பில் மிதந்தது, மீனுக்கு மேலே ஊற்றியிருந்தது, வான்கோழியின் கால் எவ்வளவு பெரியது, நெருப்பு எப்படி வந்தது. வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் "சாஸ் இனிப்பாக இருந்ததா?" என்றார். "ஜன்னலோரம் உட்காரும் கர்னல் இன்னும் இருமுகிறாரா?" என்றார். கர்னல் யாரென்று எங்களுக்கு எங்கே தெரியும்? இருமுகிறார் என்று சின்னவள் தலையாட்டினாள்.

பிறகு, கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "யாராவது என்னை விசாரித்தார்களா?"

யாரும் விசாரிக்கவில்லை. அந்தக் காலி நாற்காலியை ஒருவர்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"எல்லாரும் கேட்டாங்க, மேடம்" என்றாள் சின்னவள் ஆங்கிலத்தில். "அந்தக் கர்னல், கண்ணாடி போட்ட மேடம், எல்லாரும்."

அந்த அம்மாள் சிரித்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அவள் கையைப் பிடித்துத் தன் கம்பளிமேல் வைத்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. நான் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, திரையின் இடுக்கில் தெரிந்த கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் சின்னவளின் அம்மா வந்தார். துரை வீட்டார் மலையிலிருந்து இறங்கிக் கப்பல் ஏறப் போகிறார்கள். தன்னையும் மகளையும் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போகச் சம்மதித்துவிட்டார்கள் என்றார். சின்னவள் பெட்டியை மூடக்கூட நேரமில்லாமல் ஓடினாள். கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, "அக்கா, போய்ட்டு வரேன்" என்றாள். அதற்கப்புறம் அவளை நான் பார்க்கவேயில்லை.

அன்று முதல் விடுமுறை முடியும்வரை அந்த நீள அறையில் நான் ஒருத்திதான். பயமாக இருந்தால் தன் அறைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம் என்று மதர் சொன்னார். பயமில்லை என்றேன். பயம் என்று சொல்ல முடியாத வேறொன்று அது. பகலில் காலிக் கட்டில்களுக்கு நடுவே நடந்து, ஒவ்வொன்றிலும் யார் படுத்திருந்தாள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன்.

அந்த ஆங்கிலேய அம்மாள் மழைக்காலத்துக்கு முன்பே சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டதாக மதர் பிறகு சொன்னார். மறுவருடம் போர்டிங் பிள்ளைகளை யாரும் விருந்துக்குக் கூப்பிடவில்லை.

ஈஸ்டருக்கு முன்னால் அப்பா தனியாகத் திரும்பி வந்தார். அம்மா தேறிவருகிறாள், சித்தி வீட்டில் இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டும் என்றார். அந்தக் கொஞ்ச காலம் ஒரு வருடத்துக்கும் மேல் நீண்டது. கடைசியில் கப்பல் வந்த அன்று, அப்பா என்னைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போனார். அம்மா சதைபிடித்து, நல்ல நிறமாக இறங்கி வந்தாள். என் மோவாயைத் தொட்டு, "ஏன்டி, இம்புட்டு வளந்துட்டியே! நல்லா இருக்கியா?" என்றாள்.

எத்தனையோ நாளாக அவளிடம் எவ்வளவோ சொல்லக் காத்திருந்தவள் நான். ஆனால் என் வாயில் வந்தது, "யெஸ், தேங்க் யூ."

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா கூலியாளிடம் பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்.