புழு பொறுக்கிய வகுப்பு

கல்யாணமான மறு வருஷமே என் புருஷன் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். என்னை வீட்டு மூலையில் உட்கார வைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. சொந்தக்காரர்கள் முகம் சுளித்ததைப் பொருட்படுத்தாமல் சேலத்தில் ஆசிரியப் பயிற்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். சின்னப் பிள்ளைகளை சிலேட்டும் பிரம்புமாக அடைத்து வைக்கக் கூடாது, மண்ணிலும் இலையிலும் விதையிலும் விளையாட விட்டால் அவர்களே கற்றுக்கொள்வார்கள் என்று அங்கேதான் சொல்லித் தந்தார்கள். நான் அதை அப்படியே நம்பினேன். அந்த நம்பிக்கையோடுதான் நாமகிரிப்பேட்டைக்கு அப்பால் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது.

பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டே பேர். பெரிய பிள்ளைகள் தலைமையாசிரியரிடம், அரிச்சுவடிப் பிள்ளைகள் என்னிடம். நான் என் வகுப்பைப் பள்ளிக்குப் பின்னால் ஓடையோரம் இருந்த புங்கமரத்தடிக்கு மாற்றிக்கொண்டேன். ஈர மணலில் விரலால் எழுத்துப் போட்டோம். அவரை விதையையும் தட்டைப்பயறையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்து எண்ணப் பழகினோம். ஆமணக்குச் செடியிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து சட்டியில் இலை போட்டு வளர்த்தோம். அது கூடு கட்டி, ஒருநாள் இறக்கையோடு வெளியே வந்தபோது பிள்ளைகள் கத்திய கத்தலில் தலைமையாசிரியர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

“மண்ணள்ளி வெளையாடறதுக்கு ஏனுங்க பள்ளிக்கோடம்? அதைய ஊட்லயே பண்ணக்கூடாதுங்களா?” என்று பெற்றவர்கள் கேட்டார்கள். கேட்டாலும் பிள்ளைகளை அனுப்பினார்கள். அடி விழாத பள்ளிக்கூடம் என்பதால் பிள்ளைகளே ஓடி வந்துவிடும்.

அந்த வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். அவளுக்கு ஐந்து வயதிருக்கும். அப்பாவும் அம்மாவும் ஊர்ப் பண்ணையக்காரரின் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். கூட்டாஞ்சோறு விளையாடும்போதெல்லாம் கரண்டி இவள் கையில்தான் இருக்கும். கொட்டாங்குச்சியில் மணலை அள்ளி எல்லோருக்கும் பரிமாறுவாள். எனக்கும் ஒரு பங்கு வரும். “நல்லா உண்ணுங்க டீச்சர், மறுக்கா ஊத்தறேன்” என்பாள்.

அடுத்த வருஷம் மழை ஏமாற்றியது. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. ஓடை வறண்டு வெடித்தது. கம்பும் சோளமும் கதிர் வாங்காமலே கருகின. நாமகிரிப்பேட்டையில் சர்க்கார் கஞ்சித்தொட்டி திறந்திருப்பதாகச் சொன்னார்கள். நடக்கத் தெம்பிருந்தவர்கள் போய் வாங்கிக் குடித்தார்கள்.

என் தகரப் பெட்டியில் விதைகள் குறைந்துகொண்டே வந்தன. எலி தின்கிறதோ என்று நினைத்து மூடியின் மேல் கல்லை வைத்தேன். ஒருநாள் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கன்னம் உப்பியிருந்தது. “வாயில என்ன சாமி?” என்று கேட்டேன். அவள் உள்ளங்கையில் துப்பிக் காட்டினாள். ஊறி வெளுத்த அவரை விதை. சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். எல்லாக் கன்னமும் உப்பியிருந்தது. பெட்டியில் மிச்சம் இருந்ததை அன்றே வேகவைத்துக் கொடுத்தேன். எண்ணுவதற்கு ஓடைக் கூழாங்கல்லைப் பொறுக்கி வைத்தேன்.

அதற்குப் பிறகு கூட்டாஞ்சோறு விளையாட்டும் மாறிப்போயிற்று. பிள்ளைகள் கொட்டாங்குச்சியை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அந்தப் பெண் கரண்டியோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாலைந்து பேருக்கு மணலை ஊற்றிவிட்டு, அடுத்து வந்த சின்னப் பையனிடம் கையை விரித்தாள்.

“தீந்து போச்சு சாமி. நாளைக்கு வா.”

அவன் திரும்பிப் போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். விளையாட்டு என்று யார் முகத்திலும் தெரியவில்லை. நான் எழுந்து ஓடையோரம் போய் நின்று அழுதேன். படித்து வந்த எந்தப் பாடத்திலும் இதற்கு வழி சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் பண்ணையக்காரர் வீட்டுக்குப் போனேன். அந்த வட்டாரத்தில் வற்றாத கிணறு அவருடையது ஒன்றுதான். அவர் களத்தில் நின்று ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார். சங்கதியைச் சொன்னேன்.

“பிள்ளைங்க பசியில வாடுதுங்கய்யா. ஒருவேளைக் கஞ்சிக்குக் கம்பு குடுத்தீங்கன்னா போதும். நானே காய்ச்சி ஊத்திக்கறேன்.”

அவர் கொடுமைக்காரர் இல்லை. ஆனால் கணக்காகப் பேசுகிறவர். “சும்மா குடுத்தா ஊரே வந்து நிக்குமுங்க டீச்சரம்மா. எனக்கும் இருக்கறது கொஞ்சந்தான்” என்றார். பிறகு தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “ஆமணக்குல புழு உழுந்து அப்படியே மொட்டையடிக்குது. பெரியாளுவளுக்குக் குனிஞ்சு பாக்கக் கண்ணு பத்தறதில்லீங்க. உங்க பிள்ளைங்களக் கூட்டியாந்து பொறுக்குங்க. கம்பு நான் குடுக்கறேன்.”

நான் யோசிக்கக்கூட இல்லை. “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டேன்.

தலைமையாசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். “இது என்ன பாடமுங்க டீச்சர்? இன்ஸ்பெக்டர் வந்தா நான் என்னன்னு சொல்லட்டும்?”

“பாடமில்லீங்க சார். கஞ்சி.”

அவர் அதற்குமேல் தடுக்கவில்லை. அவருடைய பெரிய வகுப்பிலும் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை.

காலையில் பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். முதலில் எல்லோரையும் உட்கார வைத்து, ஆமணக்குக் கொட்டையை வாயில் வைத்தால் செத்துப்போவீர்கள் என்று பயமுறுத்தினேன். விதையைத் தின்று பழகிய பிள்ளைகள் ஆயிற்றே. திரும்பும்போது ஒவ்வொரு வாயையும் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். என் கண் தப்பி யாராவது கடித்துவிட்டால் என்ன செய்வேன் என்ற திகில் என்னை விட்டு நீங்கவே இல்லை.

பிள்ளைகள் நன்றாகப் பொறுக்கினார்கள். அவர்கள் உயரத்துக்கு இலையின் அடிப்பக்கம் தெரிந்தது. சட்டி நிறைந்ததும் வரப்போரம் வெட்டிய குழியில் கொட்டி மண்ணைத் தள்ளுவோம். முதல் நாள் அந்தப் பெண் குழியருகே நின்று நெளிகிற புழுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், இது பூச்சியாகறதுக்கு முன்னாலயே கொன்னு போடறமுங்களா?”

“ஆமாஞ் சாமி.”

“அப்பறம் கஞ்சி ஊத்துவீங்களா?”

“ஊத்துவேன்.”

“செரி” என்றாள். சொல்லிவிட்டு அவளே காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

கஞ்சியை நான் புங்கமரத்தடியில் காய்ச்சினேன். வழியில் கிடைக்கிற கீரையையும் கிள்ளிப் போடுவேன். பிள்ளைகள் பேசாமல் குடித்தார்கள். பாதியைக் குடித்துவிட்டு மீதியை வீட்டில் இருக்கும் தம்பிக்கென்று கொண்டுபோனவர்களும் உண்டு. நான் தடுக்கவில்லை. சில நாட்களிலேயே பிள்ளைகள் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. ஒரு பையன் தானாகவே பாட்டுப் பாடினான். இப்படியே மழை வரும்வரை தள்ளிவிடலாம் என்று நான் நினைத்தேன்.

ஆனால் புழு குறைந்துகொண்டு வந்தது. பிள்ளைகள் சுத்தமாகப் பொறுக்கியதால் வந்த வினை அது. புழு தீர்ந்தால் கம்பு நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு அது பிறகுதான் தெரியவந்தது.

ஒருநாள் தோட்டத்தின் கோடியிலிருந்து சத்தம் கேட்டது. ஓடினேன். பண்ணையக்காரரின் மேலாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் சட்டி கீழே கிடந்தது. சட்டியிலிருந்த புழுக்களை எடுத்து, மொட்டையாகாத செடியாகப் பார்த்து இலைமேல் விட்டுக்கொண்டிருந்தாளாம்.

“பாருங்க டீச்சரம்மா, உங்க பிள்ளை பண்ற வேலைய! புடிச்ச புழுவைத் திருப்பி உடுது!”

“ஏஞ் சாமி இப்படிப் பண்ணினே?” என்றேன்.

அவள் அழவில்லை. “எல்லாத்தையும் புடிச்சுட்டா நாளைக்கு நமக்குக் கஞ்சி இல்லீங்கல்ல டீச்சர். கொஞ்சம் உட்டு வெச்சா அது பெருகும். சட்டியில வளத்தமே, அப்படி.”

நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் செய்தாள். மேலாளிடம் கெஞ்சினேன். பண்ணையக்காரரிடம் போய் நின்றேன். குழந்தைதானே, விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்றேன். விவரம் தெரிந்துதான் செய்தாள் என்பது அவருக்கும் புரிந்திருந்தது. “பயிரைக் கெடுக்கற எடத்துல எப்படீங்க கம்பு குடுக்கறது?” என்றார். அதோடு முடிந்தது. அவளுடைய அப்பா அம்மாவுக்கும் அந்தக் காட்டில் வேலை நின்றது.

அதற்குப் பிறகு நான் எவ்வளவோ அலைந்தேன். வீடு வீடாகப் போய்ப் பிடிப்பிடியாக வாங்கினேன். என் பங்குத் தானியத்தையும் பானையில் போட்டேன். பானை நாளுக்கு நாள் தண்ணீராகியது. ஒரு குடும்பம் போனது, அடுத்து இன்னொன்று. பஞ்சம் பிழைக்க ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் போகிறார்கள் என்றார்கள். ஒரு காலையில் அந்தப் பெண்ணின் அம்மா தலையில் மூட்டையோடு மரத்தடிக்கு வந்து நின்றாள். குழந்தை அவள் கையைப் பிடித்திருந்தாள்.

“போயிட்டு வாரோமுங்க டீச்சர்.”

“குழந்தைய எங்கிட்ட உட்டுட்டுப் போம்மா. நான் வளத்தறேன்” என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. என் அடுப்பில் அன்று ஒன்றும் இல்லை.

அந்தத் தாய் என்னையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தாள். “உங்களுக்கே ஒண்ணுமில்லீங்களே டீச்சர்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் குழந்தையை அழைத்துக்கொண்டு போனாள்.

கடைசியில் நாலு பிள்ளைகள் மிஞ்சினார்கள். அவர்களை வைத்துக்கொண்டு வகுப்பை நடத்தினேன். விளையாடு என்றால் விளையாடும் தெம்பு அவர்களுக்கு இல்லை. மரத்தடியில் படுத்தபடி கதை கேட்டார்கள். அதற்குள்ளேயே தூங்கிவிடுவார்கள். மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பேன்.

மழை காலம் தப்பி வந்தது. சில குடும்பங்கள் திரும்பின. அந்தப் பெண்ணின் குடும்பம் வரவில்லை. விடுமுறையில் சேலம் போய் பஸ் ஏறி ஏற்காட்டுக்குப் போனேன். தோட்டம் தோட்டமாக விசாரித்துக் கண்டுபிடித்தேன். நாற்றங்காலில் குழந்தைகள் வரிசையாகக் குந்தி, மூங்கில் கூடைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவளும் இருந்தாள். வளர்ந்திருந்தாள். குளிரில் உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆனால் கை நிற்கவில்லை. மேஸ்திரி பிரம்போடு பக்கத்தில்தான் உலாத்திக்கொண்டிருந்தான்.

நான் அவளருகே உட்கார்ந்து ஒரு கூடையை எடுத்து மண் போட்டேன். அவள் அம்மா காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். ஊரில் மழை பெய்துவிட்டது, வந்துவிடுங்கள், பள்ளிக்கூடம் நடக்கிறது என்று சொன்னேன்.

“முன்பணம் வாங்கிட்டமுங்க டீச்சர். அது கழியற வரைக்கும் எறங்க முடியாது. அதுபோக, இங்க ரெண்டு வேளை கஞ்சி கெடைக்குதுங்க” என்றாள். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேஸ்திரி வந்து யாரென்று அதட்டினான். நான் எழுந்துகொண்டேன். பஸ் மலையிறங்கும்போது என் நகக்கண்ணில் அந்த மண் இருந்தது. பள்ளி திறந்த அன்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை ஓடையோரம் அழைத்துப் போனேன். விளையாடச் சொன்னேன். அவர்கள் ஓடினார்கள். நான் மட்டும் வெகுநேரம் மரத்தடியிலேயே நின்றிருந்தேன்.