அவருடைய மாத்திரை அட்டை

என் வீட்டுக்காரர் இறந்தபோது நான் அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்மேல் தேவையில்லாமல் இரக்கப்பட வேண்டாம். ராயபுரத்தில் எங்களுக்கு ஒரு கடை. மீன்பிடிப் படகுகளுக்கு நைலான் கயிறு, வலை நூல், மிதவை எல்லாம் விற்போம். ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தவர், இரண்டாவது முறை அந்தக் கடையின் கல்லாவில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். அடக்கம் முடிந்து நான் இத்தாவில் உட்கார்ந்தேன். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் காலம் அது. வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். நான் அவர்களுக்கு டீ கொடுக்கச் சொன்னேன். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது.

எங்கள் இருவருக்கும் கொழுப்பு மாத்திரை உண்டு. ராத்திரி சாப்பிட்டதும் போட்டுக்கொள்வோம். வாங்கி வருவதெல்லாம் அவர்தான். மாத்திரையின் பெயர் இருவருக்கும் ஒன்றுதான். என் அட்டையில் பத்து என்று போட்டிருக்கும், அவருடையதில் நாற்பது. இத்தாவின் தொடக்கத்திலேயே என்னுடையது தீர்ந்துபோனது. மகளிடம் சொல்லியிருந்தால் வாங்கி வந்திருப்பாள். வைத்தியத்துக்கு வெளியே போகலாம், அதில் தவறில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்பது எனக்கு அப்போது மலையாக இருந்தது. பீரோவில் அவருடைய அட்டைகள் கட்டாக இருந்தன. அதிலிருந்தே ராத்திரிக்கு ஒன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அந்த நாற்பதை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். எட்டு எம்.எம். கயிறு கேட்டவனுக்குப் பன்னிரண்டு எம்.எம். கயிற்றைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தவள்தான் நான். இருந்தும் அந்த எண்ணைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. கிழமையே நினைவில் நிற்காத காலம். மாத்திரை போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன்.

கொஞ்ச நாளில் தொடை வலிக்க ஆரம்பித்தது. பிறகு இடுப்பு, தோள். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவிலிருந்து எழ முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பின்னல் போட முடியவில்லை. என் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, நான் துக்கத்தை உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறேன், அதுதான் காலைப் பிடித்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. அழாதவள் என்று பேசியவர்களுக்குக் காட்ட என்னிடமும் ஏதோ ஒன்று இருந்தது. அதனால் எவ்வளவு வலிக்கிறது என்பதை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

அதற்குள் கடைக்கு ஆபத்து வந்துவிட்டது. கொழுந்தனார்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். ஒருநாள் வந்து வாசலோடு நின்று சொன்னார்.

“அண்ணி, இந்தக் கால வெச்சிகினு நீ ஷட்டர் தூக்க முடியாது. வண்ணாரப்பேட்டைல ஒருத்தர் கேட்டுகினு கீறாரு. இத்தா முடிஞ்சதும் குட்த்துடலாம்.”

அந்தக் கடையில் நானும் என் வீட்டுக்காரருக்குச் சமமாகக் கயிறு வெட்டியிருக்கிறேன். உலகத்தில் எனக்கு வேண்டியதாக மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். ஆனாலும் நான் சண்டை போடவில்லை. பார்க்கலாம் என்றேன். தானாக எழுந்து நிற்க முடியாதவள் வேறு என்ன சொல்வது?

இத்தா முடியும் சமயம் சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனது. அதைக் கேட்டதும் மகள் பதறிப்போய், வீட்டிலிருந்த மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் அள்ளிக்கொண்டு, ஆட்டோ பிடித்து என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா அட்டைகளைப் புரட்டிவிட்டு நாற்பது யாருக்கு எழுதியது என்று கேட்டார். அத்தாவுக்கு என்றாள் மகள், அவர் இல்லை என்பதையும் அவளே சொன்னாள். எனக்கு எழுதியதைப் போல நான்கு மடங்கு, சில நாளில் எட்டு மடங்கு தின்றிருக்கிறேன். அதில் தசை எல்லாம் அடிபட்டிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிட்னி தப்பித்தது நல்ல காலம் என்றார்கள். இப்போதைக்கு மாத்திரையை நிறுத்தி, தசை தேறியதும் மறுபடி ரத்தம் பார்த்து, என்னுடைய சின்ன மாத்திரையைத் தொடங்க வேண்டுமாம். ஒருநாள் விட்டுப்போனால் போனதுதான், மறுநாள் சேர்த்துப் போடக் கூடாதாம்.

இனிமேல் எந்த மாத்திரையையும் தொடமாட்டேன் என்றேன்.

“மாத்திரை ஒண்ணும் தப்பு பண்ணலம்மா,” என்றார் அவர். “உங்களோடத நீங்க சாப்பிடணும், அவ்ளோதான். அதுவும் விடாம.”

திரும்பும் வழியெல்லாம் மகள் திட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது, அவள்மேல் இல்லை. இவ்வளவு நாளும் துக்கம் என்று நான் நம்பியிருந்த வலி வெறும் மருந்து. அதுவும் போய்விட்டால், இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவருக்காக எனக்கு எதுவுமே வலிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அதை நினைத்தபோதும் கண் காய்ந்துதான் இருந்தது.

வலி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. ஒருநாள் யார் கையையும் பிடிக்காமல் தரையிலிருந்து எழுந்தேன். கொழுந்தனாரைக் கூப்பிட்டு, கடையைக் கொடுப்பதாக இல்லை என்றேன். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் சாவியைக் கொண்டுவந்து வைத்தார். சின்ன மாத்திரையும் மறுபடி ஆரம்பமானது. மகள் ராத்திரி போன் பண்ணி, போட்டாயா என்று கேட்காமல் தூங்குவதில்லை.

கடை திறந்த வாரத்தில், கேரளா பக்கம் தொழிலுக்குப் போயிருந்த எண்ணூர்க்காரர் ஒருவர் வந்தார். எங்களிடம் பல வருஷமாகக் கயிறு வாங்குகிறவர். வந்து நின்று கல்லாவைப் பார்த்தார்.

“இன்னாம்மா, பாய் எங்க? தொழுவப் போய்க்கீறாரா?”

இத்தாவில் வந்தவர்கள் எல்லாரும் தெரிந்துகொண்டு வந்தவர்கள். டாக்டரிடம் மகள் சொன்னாள். அவர் இறந்துவிட்டதை என் வாயால் யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் அதுவரை வரவே இல்லை.

“பாய் மௌத்தாயிட்டாரு,” என்றேன்.

சொன்னதும் நிற்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய், காலுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

“காலு நல்லாத்தாம்பா கீது,” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தேன்.