மற்ற இரண்டு சக்கரங்களுக்கும் லீவு

நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் காரை இரண்டு சக்கரத்துக்கு மாற்றி ஓட்டினால் டீசல் எவ்வளவு மிச்சமாகும்? இதைத் தெரிந்துகொள்ளத்தான் அக்டோபர் முதல் வாரம் தஞ்சாவூர் போனேன். விடை எனக்கு இன்னும் தெரியாது.

கார் பழையது, போன வருடம் வாங்கினேன். கியருக்குப் பக்கத்தில் ஒரு திருகு குமிழ். டூ வீல், ஆட்டோ (தேவைப்படும்போது மட்டும் நான்கு), லாக் (எப்போதும் நான்கு) என்று மூன்று நிலைகள். "டூ வீல்ல போட்டா லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் கூடுங்க" என்றார் விற்றவர். கார் விற்பவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. முதல் நாள் ஆட்டோவில் வைத்து முத்துப்பேட்டை போய்த் திரும்பினேன்: 152 கி.மீ., 11.4 லிட்டர், 1,060 ரூபாய். லிட்டருக்கு 13.3. இரண்டாம் நாள் டூ வீலில் கும்பகோணம், திருப்பனந்தாள், குத்தாலம் சுற்றி வருவதாகத் திட்டம். ஏறக்குறைய அதே தூரம். ஏ.சி. கிடையாது, வேகம் அறுபதைத் தாண்டக் கூடாது.

காலை 9.10க்குப் புறப்பட்டேன். கும்பகோணம் 40 கி.மீ.; இட்லி, காபி எழுபது ரூபாய். குறுவை அறுவடை முடிந்த நேரம் என்பதால் வழியெல்லாம் பாதிச் சாலையில் நெல் காய்ந்தது. மீதிப் பாதியில்தான் போக வேண்டும், அவசரப்படக் கூடாது. காரின் திரை 15.1 என்று காட்டியது. திரையையும் நான் நம்புவதில்லை. டேங்கை நிரப்பிப் பார்த்தால்தான் கணக்கு.

திருப்பனந்தாளில் சாப்பிட்டுவிட்டுக் குத்தாலம் போகும்போது, வாய்க்கால் கரை வழியாகப் போனால் நான்கு கி.மீ. குறையும் என்றது கைபேசி. அந்த வழியில் இருக்கும் ஊரை எனக்குத் தெரியும். அங்கே அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் இருந்தது. சென்னையில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே, குத்தகைக்கு உழுதவரை வெளியேற்றப் பதினோரு வருடம் தாவா நடத்தினார். தோற்று, கடைசியில் அந்தக் குடும்பத்துக்கே விற்றார். நிற்காமல் கடந்துவிடலாம் என்று நினைத்தேன்.

2.40க்கு ஒரு மதகுக்கு அருகே சேற்றில் கார் நின்றது. திருகைத் தொட்டால் சோதனை கெட்டுவிடும். அதனால் பிடிவாதமாக முன்சக்கரங்களையே சுழலவிட்டேன். பள்ளம் ஆழமானதுதான் மிச்சம். மேற்கே வானம் கறுத்திருந்தது. பின்னால் ஒரு லோடு ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது.

ஓட்டுநர் சேகர் இறங்கி வந்து காரின் பின்புறத்தைப் படித்தார். "நாலு சக்கர வண்டின்னு போட்டிருக்கு. மத்த ரெண்டும் லீவாங்க மேடம்?"

டீசல் சோதனையைப் பற்றிச் சொன்னேன். ஆட்டோவிலிருந்து ஒரு பெண் குதித்து வந்தார். அமுதா என்று பெயர், நாற்பது வயதிருக்கும். "நீங்க டீசல மிச்சம் பிடிக்கிறதுக்குள்ள எங்க நெல்லு நனைஞ்சிடுங்க. நாலு நாளா கொள்முதல் நெலயத்துல திறந்து கெடக்கு. எண்பது மூட்ட வரும். நாளைக்குத்தான் எங்க முறை. ஈரமானா எடுக்க மாட்டாங்க." ஆட்டோவில் மூன்று பெரிய தார்ப்பாய்கள் இருந்தன.

திருகை லாக்கில் வைத்தேன். கார் ஏறி வந்தது. ஆனால் நான் தோண்டிய பள்ளத்தில் ஆட்டோ அச்சுவரை இறங்கிவிட்டது. அமுதா என்னைப் பார்த்தார். பின்கதவைத் திறந்தேன். தார்ப்பாய்களை ஏற்றிவிட்டுச் சேகர் ஆட்டோவிடமே நின்றார்.

கொள்முதல் நிலையம் 1.8 கி.மீ. வழியில் அமுதா கேட்டார்: "இங்க சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

"எங்க அப்பாவுக்கு இங்க நிலம் இருந்துச்சு. மெட்ராஸ்ல வாத்தியாரா இருந்தாரு."

அமுதா என் பக்கம் திரும்பினார். "கேஸ் போட்ட வாத்தியாரா? அந்த நெலத்துல ஒழுதவரு எங்க மாமனாருதாங்க." பிறகு சிரித்தார். "உங்கப்பா பதினோரு வருஷம் எங்கள அலைய விட்டாரு. நீங்க பரவால்ல, இருபது நிமிஷத்தோட விட்டுட்டீங்க."

சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. "மெதுவா போங்க, இங்கயும் சேறு" என்றார் அவரே.

முற்றத்தில் கூரை இல்லாமல் நெல் குவிந்து கிடந்தது. அமுதாவின் கணவரும் பக்கத்துக் குவியல்காரர்களும் ஓடி வந்தார்கள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். காற்று தார்ப்பாயைத் தூக்கியது. ஓரங்களில் செங்கல் வைத்தோம். 3.25க்கு மழை பிடித்தது. யாரோ என் கையில் டீ கொடுத்தார்கள். மழை விட்டதும் ஐந்து பேர் போய், வைக்கோல் போட்டு, சேகரின் ஆட்டோவைத் தள்ளிவிட்டோம். "மேடம், லீவு முடிஞ்சுதா?" என்றார் சேகர்.

கொண்டுபோய் இறக்கியதற்காக அமுதா எனக்கு நன்றி சொன்னார். பள்ளம் தோண்டியவள் நான். யார் மகள் என்று தெரிந்த பிறகும் அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வழி சொன்னார். நன்றி சொல்ல வேண்டியவள் நான்தான். அன்று சரியாகச் சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு: தார்ச்சாலையில் டூ வீல் போதும், மிச்சம் எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். அக்டோபரில் வாய்க்கால் கரைகளைத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால், சேற்றில் இறங்குவதற்கு முன்பே நான்குக்கு மாற்றுங்கள். சிக்கிய பிறகு மாற்றினால் பின்னால் வருகிறவர் சிக்குவார்.

அன்று கும்பகோணத்தில் தங்கினேன். அறை 1,200 ரூபாய். மறுநாள் 10.15க்குக் கொள்முதல் நிலையத்துக்குத் திரும்பிப் போனேன். "வண்டிய ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்து வாங்க" என்றார் அமுதா. ஓரத்தில் நனைந்திருந்த இரண்டு கூடை நெல்லை அவர் தனியாக எடுத்து வைத்திருந்தார். 11.20க்குக் குவியலின் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து ஈரப்பதம் பார்த்தார்கள். பதினேழு சதவீதம் வரை எடுப்பார்கள். கருவி 16.8 காட்டியது. நெல்லை அள்ளிக் கட்டச் சாக்குகளை எடுத்து வரச் சொன்னார்கள்.