உமாபதியின் மூக்கும் முந்நூறு கொட்டைகளும்

ஜெர்மனியின் எசன் நகரில் உமாபதியின் மூக்குக்குச் சம்பளம் கொடுத்தார்கள். சொன்னால் பலர் நம்புவதில்லை. இயற்கை முறையில் விளைந்த கொக்கோவை இறக்கி, சொக்லேட் செய்பவர்களுக்கு விற்கும் சின்ன நிறுவனம் அது. மூட்டை தூக்கத்தான் சேர்ந்தார். மூன்றாம் மாதம், அடுக்கின் அடியில் கிடந்த ஒரு மூட்டையைக் காட்டி, உள்ளே பூஞ்சணம் என்று அரைகுறை ஜெர்மனில் சொன்னார். பிரித்துப் பார்த்தார்கள். இருந்தது. அடுத்த வாரமே முதலாளி திருமதி ஹெல்விக் அவரை மாதிரி அறைக்கு மாற்றினார்.

அங்கே வேலை இதுதான். சரக்கு கப்பலேறுமுன் அதன் மாதிரி வரும். அதில் முந்நூறு கொட்டைகளை எண்ணி நெடுக்காக வெட்ட வேண்டும். பூஞ்சணம் எத்தனை, பூச்சி எத்தனை, சரியாகப் புளிக்காதது எத்தனை என்று எழுத வேண்டும். கடைசியாக முகர வேண்டும். வீட்டில் கறி அடிப்பிடித்தாலும் அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவார். எழுந்து அடுப்பை அணைக்க மாட்டார். "என்ரை வேலை மணக்கிறது மட்டும்தான்" என்பார்.

2008 ஒக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை, பெருவிலிருந்து மாதிரி வந்தது. அனுப்பியது மழைக்காட்டின் ஓரத்தில் இருக்கும் நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் கூட்டுறவுச் சங்கம். பெரிய மரங்களை வெட்டாமல், அவற்றின் நிழலிலேயே கொக்கோ வளர்ப்பவர்கள். மரம் கேட்டு வரும் வியாபாரிகளிடம், ஜெர்மனியிலிருந்து மூன்று வருஷ ஒப்பந்தம் வருகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தத்தில் ஒரு கண்டிப்பு இருந்தது. கொட்டையை வெயிலில்தான் உலர்த்த வேண்டும். விறகுத் தீயில் உலர்த்தினால் கொட்டையில் புகை ஏறும், விறகுக்குக் காடும் போகும். புகை மணந்தால் ஒப்பந்தம் இல்லை.

உமாபதி மாதிரியில் பாதியை வழக்கம்போல முத்திரையிட்டுத் திருமதி ஹெல்விக்கின் அலுமாரிக்கு அனுப்பினார். மீதியைப் பையின் வாடை போகட்டுமென்று தட்டில் பரப்பிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் சரஸ்வதி பூசை. விடிய ஆறு மணிக்கு, ஒருவரும் வருமுன், வெட்டும் கத்தி, பலகை, தராசு, உருப்பெருக்கிக் கண்ணாடி எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்துச் சந்தனப் பொட்டு வைத்தார். கூரையில் இருந்த புகை அலாரத்துக்கு, குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் உறையை மாட்டினார். சிரட்டைக் கரித் தணலில் சாம்பிராணி போட்டார். கும்பிட்டார். ஜன்னலைத் திறந்து அறையைக் காற்றாட விட்டார். அன்று கத்திக்கு ஓய்வு. களஞ்சியத்தில் போய் மூட்டை எண்ணினார்.

வியாழக்கிழமை விசயதசமி. வேலை தொடங்க நல்ல நாள். முந்நூறு கொட்டைகளையும் வெட்டினார். பூஞ்சணம் இரண்டு, பூச்சி இல்லை. அருமையான சரக்கு. பிறகு முகர்ந்தார். முகம் மாறியது. இன்னொரு தடவை முகர்ந்தார். திருமதி ஹெல்விக்கைக் கூப்பிட்டார். அவரும் முகர்ந்தார்.

"புகை" என்றார் அவர்.

"புகைதான்" என்றார் உமாபதி.

பன்னிரண்டு மணிக்குள் பதில் போக வேண்டும். துறைமுகத்துக்கு ஏற்றிப்போக அங்கே லொறிகள் காத்து நின்றன. திருமதி ஹெல்விக் வாடிய முகத்தோடு மறுப்புக் கடிதம் எழுதப் போனார்.

பதினொன்றேகாலுக்கு ஃபோர்க்லிப்ட் ஓட்டும் விமலநாதன் தேத்தண்ணியோடு வந்தான். அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணை, உதென்ன மேலை? அலாரத்துக்கும் தலையிலை ஈரம் படக் கூடாதோ?"

உமாபதியும் அண்ணாந்து பார்த்தார். கழற்ற மறந்த உறை. கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"விமல், நான் நேற்றுச் சாம்பிராணி போட்டனான்."

"வருஷா வருஷம் போடுறனீங்கள்தானே."

"வருஷா வருஷம் கொட்டை திறந்து கிடக்கேல்லை."

கொக்கோ பக்கத்தில் இருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். புதிதாக வருபவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான். ஆனால் சாம்பிராணியை அவர் ஒருநாளும் புகைக் கணக்கில் சேர்த்ததில்லை.

"பேசாமல் இருங்கோ" என்றான் விமலநாதன். "தணலும் வச்சு, அலாரத்தையும் மூடியிருக்கிறியள். வேலை போயிடும்."

"நான் பேசாமல் இருந்தால் அங்கை காடு போயிடும். வாறன்."

உறையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே போனார். திருமதி ஹெல்விக் முழுதும் கேட்டார். உறையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"எத்தனை வருஷமாக?"

"நாலு."

"நாலு வருஷமாக என் களஞ்சியத்துக்குள் நெருப்பு."

"சின்ன நெருப்பு."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து அலுமாரியைத் திறந்து, முத்திரையிட்ட பாதியை எடுத்தார். "முதலில் வெளியே போய்ப் பத்து நிமிஷம் நில். அந்தச் சட்டையையும் மாற்று."

உமாபதி விமலநாதனின் சட்டையை வாங்கிப் போட்டார். வயிற்றில் பொத்தான் பூட்ட ஏலவில்லை. சைக்கிள் நிறுத்துமிடத்தில் மழைத் தூறலில் நின்றார். திரும்பி வந்து, முத்திரையை உடைத்து முகர்ந்தார். புளித்த பழம், கொஞ்சம் வைக்கோல். புகை இல்லை. திருமதி ஹெல்விக்கும் முகர்ந்தார். தலையசைத்தார்.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது ஒப்பந்தம் பெருவுக்குப் போனது.

அடுத்த நாள் இன்னொரு கடிதமும் வந்தது, உமாபதிக்கு. அப்மானுங், அதாவது எச்சரிக்கை, என்று தலைப்பு. இனி இப்படிச் செய்தால் வேலை இல்லை என்று மூன்று பந்திகள். அதைத் தன் சான்றிதழ்க் கோப்பில் முதலாவதாக வைத்தார். இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது.

நடந்ததைத் திருமதி ஹெல்விக் பெருவுக்கு எழுதியிருந்தார் போலும். அடுத்த வருஷம் அவர்களிடமிருந்து ஒரு பொதி வந்தது. உள்ளே கொக்கோக் காய் அறுக்கும் வளைந்த கத்தி ஒன்றும் ஸ்பானிய மொழியில் எழுதிய ஒரு துண்டுக் காகிதமும். இதற்கும் பொட்டு வைக்கவும், நெருப்பை வெளியே வைக்கவும் என்று எழுதியிருந்தது.

அந்த வருஷப் பூசை சைக்கிள் நிறுத்துமிடத்தில் நடந்தது. குடை பிடித்தது விமலநாதன். உமாபதி முதற் பொட்டை அந்தக் கத்திக்கு வைத்தார்.