என் எடையும் என் கணவரின் சம்மதமும்

ஆட்டோ மாவனல்லை டவுனைத் தாண்டுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். வீட்டுக்குப் போனால் கோபம் ஆறிவிடும்.

இன்று எனக்கு ஆறாம் மாதக் கர்ப்பிணி கிளினிக். நான் சக்கர நாற்காலியில் இருப்பதால் நர்ஸ் மிஸ்ஸி என் தலைக்கு மேலாக என் கணவரிடம் பேசினார்.

"இவங்களால தராசுல நிக்க முடியாதுதானே. எடை வேணாம், விடுங்க."

நான் சொன்னேன்: "மிஸ்ஸி, தேயிலைத் தோட்டத்துல கொழுந்த சாக்கோட நிறுத்துட்டு சாக்குக்குக் கழிக்கிறாங்க. இவரு என்னத் தூக்கிக்கிட்டு ஏறட்டும். அப்புறம் இவர மட்டும் நிறுத்துக் கழிச்சிருங்க."

மிஸ்ஸி அப்படியே செய்தார். என் எடை கிடைத்தது.

அதை எழுதி முடித்ததும் மறுபடி என் கணவரிடமே திரும்பினார். "எப்படியும் சிசேரியன்தான். அதோட கர்ப்பத்தடை ஆப்பரேஷனையும் செஞ்சிரலாம். இவங்களுக்கு இதுக்கு மேல எதுக்குப் புள்ள? நீங்க என்ன சொல்றீங்க?"

"அவகிட்டயே கேளுங்க மிஸ்ஸி" என்றார் என் கணவர்.

"அவங்க பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்."

"வேணாம்" என்று நான்தான் சொன்னேன். திரும்பவும் சொன்ன பிறகே மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்தார்.

தராசில் கணவரைக் கழித்து என்னைக் கண்டுபிடித்தவருக்கு, பேச்சில் அது வரவில்லை.

என்னைப் போல நாற்காலியில் இருப்பவர்களே, உங்கள் பக்கம் எப்படி? கேள்வி உங்களுக்கு வருகிறதா, நாற்காலியைத் தள்ளுபவருக்குப் போகிறதா?