காணாமல் போன கல்யாண டிஸ்க்

உக்குவளையில் மழை பிடித்தால் வீடே மேகத்துக்குள் போய்விடும். போன சனிக்கிழமை ஜன்னலுக்கு வெளியே மலை இல்லை, ரோடு இல்லை... என் கம்ப்யூட்டரில் ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் காணோம்!

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இரண்டு. முன்னறையில் என்னுடையது, உள்ளறையில் மனைவி ஸ்டெல்லாவுடையது. நடுவே ஒரு நீலக் கேபிள்; அது வழியாக அவளுடைய டிஸ்க்குகள் என் திரையிலும் தெரியும். காணாமல் போனது அவளுடைய இரண்டாவது டிஸ்க். அதில்தான் அவள் தம்பியின் கல்யாணப் படங்கள். வேறு பிரதி கிடையாது. தம்பி சண்டை நடக்கிற வன்னியில் வாத்தியார். நாலு மாதமாகக் கடிதமும் இல்லை, ஃபோனும் இல்லை.

அதற்கு முந்தின நாள் நெட்வொர்க்கைச் 'சீர்திருத்தியது' யார்? அடியேன்தான்.

கேபிளை மாற்றினேன். ஃபயர்வாலை அணைத்தேன். இரண்டையும் மூன்று தடவை நிறுத்திப் போட்டேன். 'பிங்' செய்தால் உள்ளறையிலிருந்து சமர்த்தாகப் பதில் வருகிறது. பனிக்குள் கூப்பிட்டால் குரல் கொடுக்கிற மாதிரி. ஆள் இருக்கிறார் — நெஞ்சில்தான் என்னவோ குறைகிறது. உள்ளறைக்கே போய்ப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவன் மாதிரி, குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவளிடம் போனேன். "ஸ்டெல்லா, தம்பி படமெல்லாம் போச்சு. நான்தான் அழிச்சிட்டேன்."

அவள் திரும்பவே இல்லை. "அழிக்கிற அளவுக்கு உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

பிறகு ஸ்டூலில் ஏறி, அலுமாரி மேலிருந்து நத்தார் பண்டிகைக்கு மட்டும் இறங்குகிற இயேசு பாலன் குடில் பெட்டியை எடுத்தாள். வைக்கோலுக்குள், களிமண் ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே, துவாயில் சுற்றிப் படுத்திருந்தது டிஸ்க்.

கீழ்த் தெருவில் ஆமி தேடுதல் நடந்து, ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோனார்களாம். வன்னிப் படங்கள் அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று பயந்திருக்கிறாள். ரிப்பேர்காரர் கழற்றியதைப் பார்த்துப் பழகியவள், நான் மதியம் குறட்டை விட்ட நேரத்தில் வேலையை முடித்துவிட்டாள்.

அவளே டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் பூட்டினாள். நான் டோர்ச் பிடித்தேன். மழை இருட்டிய அறையில் வன்னி வெயில் அடித்தது. மாலையோடு கண்ணைச் சுருக்கிச் சிரித்தான் தம்பி. ஸ்டெல்லா திரையில் தூசி துடைத்தாள். தூசி எதையும் நான் பார்க்கவில்லை.

டிஸ்க்கைக் கழற்றி மறுபடி குடில் பெட்டிக்குள் வைத்தவளிடம், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்ககிட்ட சொன்னா பேப்பர்ல வந்துடுமே."

அதனால் பேப்பரில் என்னுடைய இந்த வாரப் பத்திக்கு முறையாக அனுமதி கேட்டேன். தாராளமா எழுதுங்க என்றாள். இவ்வளவு சுலபமாகவா? சந்தேகப்பட்டு ஸ்டூலில் ஏறிப் பெட்டியைத் திறந்தேன்...

ஆட்டுக்குட்டிகள் மட்டும்தான் இருந்தன.