முதல் நாள் மதியத் தூக்கம்

இருபத்தாறு வயதில் கணவன் இறந்ததும், அவன் அண்ணன் பூட்டிய வீட்டை ஜசூபென் திரும்பத் திறந்தாள். நிலநடுக்கத்தில் பிளந்த மாடியைத் தையல் மிஷின் ஓட்டியே நிமிர்த்தினாள். அந்நியரைத் தங்க வைக்கிறாளே என்று அகமதாபாத்தின் அந்தச் சந்தே முகம் சுளித்தபோது, சுளித்தவர்களையே ஊறுகாய் போட அமர்த்திக்கொண்டாள்.

மிச்சம், வீட்டில் விருந்தினரைத் தங்க வைப்பதற்கான அரசுப் பதிவுச் சான்று மட்டும்தான். அது இல்லையென்றால் விருந்தினரே வரக்கூடாது. "கைநாட்டுக்கு எதுக்குச் சான்று? என் பேர்ல குடுங்க" என்று கணவனின் அண்ணன் மனுவே எழுதிப் போட்டுவிட்டார்.

ஜசூபென்னின் அண்ணன் கனுபாய் ஏழாவது வரை படித்தவர். மில் ஸ்டோரில் முப்பது வருஷம் ஆணி எண்ணியவர். தங்கையைப் பற்றி அவருக்குப் பெருமை மலையளவு. ஆனால் தீபாவளியிலிருந்து ஒரு சந்தேகம் அரித்தது. தினமும் மதியம் மாடி அறையைத் தாழிட்டுக்கொள்கிறாள். கேட்டால் முதுகுவலியாம். முதுகுவலிக்குத் தாழ்ப்பாள் எதற்கு? யாரோடாவது ரகசியமாகப் பேசி வீட்டை விற்கப் பார்க்கிறாளோ?

சோதனைக்கு வந்த அதிகாரி வோரா அவரையும் மிஞ்சிய சந்தேகப் பிராணி. விருந்தினருக்கான முதல் நாள் திட்டத்தைக் கையில் வாங்கி, காகிதத்தைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார். இரண்டுக்குச் சாப்பாடு, நாலரை வரை தூக்கம், ஐந்தரைக்குப் பறவைகளுக்குத் தானியம் போடும் தூணடியில் சும்மா உட்காருதல், எட்டுக்குக் கிச்சடி.

"மசூதி எங்க? கோயில் எங்க?"

"அதெல்லாம் நாளைக்கு, சாஹேப். வந்த அன்னைக்கே ஊரைப் பாக்குறவன் தன் கால்வலியைத்தான் பாப்பான்."

"எந்தப் புடவைக் கடையில கமிஷன், பென்?"

"தூக்கத்துக்கு எவன் சாஹேப் கமிஷன் தர்றான்?"

"இது யார் கையெழுத்து?"

"சொன்னது நான். எழுதினது என் மோட்டாபாய்" என்று அண்ணனைக் காட்டினாள்.

"அப்போ வீட்டை நடத்துறது அவர்தானே? உங்களுக்குப் பேர் எழுதவே வராதுன்னு மனு வந்திருக்கு."

"முதல்ல சாப்பிடுங்க."

வோரா பருப்பை முகர்ந்து முகர்ந்து சாப்பிட்டார். காகிதங்களைச் சரிபார்க்கத்தான் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். இரண்டு இருபதுக்குக் குறட்டை கேட்டது.

மாடியில் தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது. இன்றைக்குமா! கனுபாய் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைபோல ஏறிக் கதவில் காதை வைத்தார். பேச்சுக் குரல் இல்லை. எலி பிறாண்டுவதுபோலக் கிறீச், கிறீச். எந்தப் பத்திரத்தைச் சுரண்டுகிறாள்?

நாலரைக்கு ஜசூபென் டீயோடு இறங்கி வந்தாள்.

"சும்மா கண்ணை மூடியிருந்தேன்" என்றார் வோரா.

"ரெண்டு மணி பத்து நிமிஷம், சாஹேப்" என்றார் கனுபாய்.

வோராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தூணடியில் கிளிகளைப் பார்த்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்தார். கடைக்கு அழைப்பாள், அழைப்பாள் என்று காத்திருந்தார். அழைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் படிவத்தை விரித்து, கைநாட்டுக்கு மைப்பெட்டியைத் தள்ளினார்.

ஜசூபென் அதைத் திருப்பித் தள்ளினாள். "பேனா குடுங்க."

அவள் விரல் நுனியில் சிலேட்டுக் குச்சித் தூள் வெள்ளையாக ஒட்டியிருந்ததைக் கனுபாய் அப்போதுதான் பார்த்தார். ஒவ்வோர் எழுத்தாக, ஜசூமதி என்று அவள் தன் பெயரை எழுதி முடிக்கும்வரை அவர் ஆணி எண்ணுவதுபோல எண்ணிக்கொண்டிருந்தார்.

"தேதியை நீங்க போடுங்க, மோட்டாபாய். உங்க கைதான் சுத்தம்."

கனுபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: 9-2-2016, செவ்வாய்க்கிழமை.